சிவப்பணுவின் நெகிழ்வும் மருந்துகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால்வலிக்கு எழுதிக்கொடுத்த மாத்திரை "ரத்த அணுக்களை நெகிழ வைக்கும்" என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மலேரியாவுக்கு இன்னொரு மாத்திரை கொடுக்கும் முன்போ, ஜி6பிடி என்று ஒரு ரத்தப் பரிசோதனை கேட்பார்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே சமாச்சாரம்: சிவப்பணு எவ்வளவு வளைந்து கொடுக்கிறது, மருந்து அதை என்ன செய்கிறது என்பது.

சிவப்பணு ஏன் வளைய வேண்டும்?

அதன் குறுக்களவு 7 முதல் 8 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். உடம்பின் மிக நுண்ணிய ரத்தக் குழாய்களான தந்துகிகளோ பல இடங்களில் 5 மைக்ரானுக்கும் குறுகலானவை. மண்ணீரலில் சோதனை இன்னும் கறாரானது. அங்குள்ள ரத்தக் குழாய்ச் சுவரின் இடுக்குகள் சுமார் ஒரு மைக்ரான் அகலம்தான். சில அதற்கும் குறைவு. தன் 120 நாள் வாழ்நாளில் ஒவ்வொரு அணுவும் இந்த இடுக்குகளுக்குள் திரும்பத் திரும்ப நுழைந்து மறுபக்கம் வர வேண்டும். வர முடியாததை அங்கே காத்திருக்கும் விழுங்கணுக்கள் தின்றுவிடும்.

ஆகவே விறைத்துப்போன அணுவால் இரண்டு விதத் தொல்லை. நுண்குழாய்களில் ஓட்டம் தடைப்படலாம். அல்லது அணுக்கள் காலத்துக்கு முன்பே அழிந்து சோகை வரலாம். மருந்தால் வரும் விறைப்பில் பெரும்பாலும் பார்ப்பது இரண்டாவதைத்தான்.

நெகிழ்வு எதனால் வருகிறது?

முதலில், வடிவம். ஒரு சிவப்பணுவின் கொள்ளளவு சுமார் 90 ஃபெம்டோலிட்டர், அதாவது 90 கன மைக்ரான். அதே கொள்ளளவுள்ள ஒரு உருண்டைக்கு 97 சதுர மைக்ரான் மேற்பரப்பு போதும். சிவப்பணுவுக்கோ 140 சதுர மைக்ரான் வரை இருக்கிறது. காற்று முழுக்க அடைத்த பந்தை அமுக்க முடியாது; பாதிக் காற்று இறங்கிய பந்தை எப்படியும் மடக்கலாம். சிவப்பணு பிறந்ததிலிருந்தே பாதிக் காற்றுப் பந்துதான். மேற்பரப்பு குறைந்தாலோ, உள்ளே நீர் புகுந்து உப்பினாலோ இந்த வசதி போய்விடும்.

அடுத்தது உள்ளே இருக்கும் சரக்கு. ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 32 முதல் 36 கிராம் வரை இருக்கும் அடர்த்தியான கரைசல் அது. நீர் கொஞ்சம் வெளியேறினாலும் குழம்பு இறுகி, அணு சட்டென்று வளையாது. மூன்றாவது, சவ்வுக்கு உள்புறம் ஸ்பெக்ட்ரின் என்ற புரதத்தால் பின்னிய வலை. இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய வடிவத்துக்கு வருவது இந்த வலையால்தான்.

இதோடு ஒன்றைச் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. புதுப் புரதம் செய்ய முடியாது. குளுக்கோஸை உடைத்துக் கிடைக்கும் கொஞ்சம் ஏடிபிதான் அதன் ஆற்றல். மற்ற செல்கள் சமாளித்துவிடும் மருந்துகளிடம் சிவப்பணு மாட்டிக்கொள்வது இந்த ஏழ்மையால்தான்.

ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரைகளும் இதைத்தான் செய்கின்றனவா?

இல்லை. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைக் குறைக்கின்றன. வார்ஃபரின் உறைதலுக்கான காரணிகள் உருவாவதைக் குறைக்கிறது. "ரத்தத்தை இளக்கும் மாத்திரை" என்ற பேச்சுவழக்கு எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிட்டது. அவற்றின் வேலை சிவப்பணுவின் நெகிழ்வைத் தொடுவதல்ல.

எந்த மருந்துகள் சிவப்பணுவை விறைக்கச் செய்கின்றன?

நன்றாக நிரூபணமான கூட்டம், அணுவுக்குள் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும் மருந்துகள். மலேரியாவுக்கான ப்ரைமாக்வின், தொழுநோய்க்கும் சில தோல் நோய்களுக்கும் தரும் டாப்சோன், சிறுநீர்த் தொற்றுக்கான நைட்ரோஃப்யூரன்டாயின், புற்றுநோய்ச் சிகிச்சையின்போது யூரிக் அமிலத்தைக் குறைக்கத் தரும் ராஸ்புரிகேஸ், மெத்திலீன் ப்ளூ ஆகியவை இந்த வரிசையில் வரும்.

நடப்பது இதுதான். மருந்தோ, கல்லீரல் அதை மாற்றியமைத்த பொருளோ ஹீமோகுளோபினைச் சிதைக்கிறது. சிதைந்த ஹீமோகுளோபின் கட்டிகட்டியாகச் சவ்வின் உள்புறம் ஒட்டிக்கொள்கிறது. இவற்றுக்கு ஹைன்ஸ் துகள்கள் என்று பெயர். சவ்வின் புரதங்களும் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. இப்படிப்பட்ட அணு மண்ணீரல் இடுக்கில் நுழையும்போது மற்ற பகுதி நுழைந்தாலும் கட்டி உள்ள இடம் சிக்கும். அந்த இடத்தை விழுங்கணு கடித்து எடுத்துவிடும். ரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்த்தால் ஓரம் கடிபட்ட அணுக்கள் தெரியும். கடித்ததில் மேற்பரப்பும் போய்விடுவதால், தப்பித்த அணு அடுத்த சுற்றில் இன்னும் விறைப்பாக வரும்.

எல்லோருக்கும் இது நடக்குமா?

பெரும்பாலோருக்குப் பெரிதாக நடக்காது. சிவப்பணுவுக்குள் ஜி6பிடி என்ற நொதி இருக்கிறது. அதன் வழியாகத்தான் அணு தன்னைக் காத்துக்கொள்ளும் குளுட்டதயோனைப் புதுப்பித்துக்கொள்கிறது. இந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்கு மேற்சொன்ன மருந்துகள் ஆபத்து.

இதைக் கண்டுபிடித்த கதை அவ்வளவு அழகானதல்ல. அமெரிக்காவில் இலினாய் மாநிலத்தின் ஸ்டேட்வில் சிறையில் கைதிகளுக்கு மலேரியா மருந்துகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். ப்ரைமாக்வின் சிலருக்கு மட்டும் ரத்தச் சிதைவை உண்டாக்கியது. அதிலும் கறுப்பினத்தவரிடையே அதிகம். காரணம் ஜி6பிடி குறைபாடு என்று 1956-ல் கார்சனும் உடன் பணியாற்றியவர்களும் அறிவித்தார்கள். மரபு ஒருவருக்கு மருந்தை நஞ்சாக்கலாம் என்பதற்கு மருத்துவப் பாடங்களில் இன்றும் சொல்லப்படும் முதல் உதாரணங்களில் ஒன்று இது. கைதி தரும் "சம்மதம்" எத்தனை சுதந்திரமானது என்ற கேள்வி மட்டும் அந்தப் பாடங்களில் அதிகம் வருவதில்லை.

இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களுக்கே பாதிப்பு கூடுதல். டாப்சோன் விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: நொதி சரியாக இருப்பவர்களுக்கும் மருந்தின் அளவு கூடினால் ரத்தச் சிதைவு வரும். தொழுநோய்க்குப் பெரியவர்களுக்கு வழக்கமாகத் தருவது நாளுக்கு 100 மில்லிகிராம். அந்த அளவில் பெரும்பாலோர் தாங்கிக்கொள்கிறார்கள். இருந்தாலும் ஹீமோகுளோபினைப் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்து அது.

ஜி6பிடி பரிசோதனை "சரியாக இருக்கிறது" என்று வந்தால் நிம்மதியாக இருக்கலாமா?

எப்போது எடுத்தது என்று பாருங்கள். ரத்தச் சிதைவு நடந்துகொண்டிருக்கும்போது எடுத்தால் முடிவு ஏமாற்றலாம். நொதி குறைந்த பழைய அணுக்கள் ஏற்கெனவே அழிந்திருக்கும். எலும்பு மஜ்ஜை அவசரமாக அனுப்பிய இளம் அணுக்களில் நொதி ஓரளவு நன்றாகவே இருக்கும். ஆகவே சந்தேகம் இருந்தால் சில வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து மறுபடி எடுப்பார்கள்.

குறைபாடு உறுதியானால் ப்ரைமாக்வின் அறவே கூடாது என்றும் இல்லை. வழக்கமான 14 நாள் முறைக்குப் பதிலாக வாரம் ஒரு முறை, 8 வாரங்களுக்கு, மருத்துவரின் நெருங்கிய கண்காணிப்பில் கொடுக்கும் முறை உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலில் இருக்கிறது. நீங்களாக முயல வேண்டிய கணக்கு அல்ல இது.

ரிபாவிரின் ஏன் சோகையைக் கொண்டுவருகிறது?

மேலே சொன்ன ஏழ்மைதான் காரணம். ஹெபடைடிஸ் சி சிகிச்சையில் பல ஆண்டுகள் பயன்பட்ட இந்த மருந்து சிவப்பணுவுக்குள் நுழைந்ததும் பாஸ்பேட் ஏற்றிக்கொள்கிறது. அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றி மருந்தை வெளியே அனுப்பும் நொதிகள் மற்ற செல்களில் உண்டு, சிவப்பணுவில் இல்லை. ஆகவே மருந்து உள்ளேயே தேங்குகிறது, ஏடிபி குறைகிறது, சவ்வு ஆக்சிஜனேற்றத்துக்கு ஆளாகிறது, அணு சீக்கிரம் அகற்றப்படுகிறது. சிகிச்சையின் முதல் சில வாரங்களிலேயே ஹீமோகுளோபின் இறங்கும். சோஃபோஸ்புவிர் போன்ற மருந்துகள் வந்தபின் ரிபாவிரினின் தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது.

மனநல மருந்துகள் சிவப்பணுவின் வடிவத்தை மாற்றும் என்று படித்தேன். பயப்பட வேண்டுமா?

வேண்டாம். ஆனால் கதை சுவையானது. சிவப்பணுச் சவ்வு இரண்டு கொழுப்பு அடுக்குகளால் ஆனது. குளோர்புரோமசின் போல நேர்மின்னேற்றம் உள்ள மருந்துகள் உள் அடுக்கில் போய்ச் சேர்கின்றன. உள் அடுக்கு விரிந்ததும் அணு கிண்ணம்போல உள்வாங்குகிறது. எதிர்மின்னேற்றம் உள்ள பொருள்கள் வெளி அடுக்கில் சேர்ந்தால் மேலெல்லாம் முள் முள்ளாகப் புறப்படும். இரண்டு அடுக்குகளும் தனித்தனியாக விரியக்கூடியவை என்ற இந்த விளக்கத்தை 1974-ல் மைக்கேல் ஷீட்ஸும் ஜோனதன் சிங்கரும் முன்வைத்தார்கள். சவ்வைப் பற்றிய புரிதலில் இன்றும் அது நிற்கிறது.

ஆனால் சோதனைக் குழாயில் வடிவத்தை மாற்றத் தேவைப்படும் செறிவு, மாத்திரை சாப்பிடுபவரின் ரத்தத்தில் இருப்பதைவிடப் பொதுவாக மிக அதிகம். இதை நினைத்து மாத்திரையை நிறுத்துவதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது.

ஸ்கேனுக்கு முன் ஏற்றும் அயோடின் மருந்து?

பழைய வகைகளின் ஊடுபரவல் அடர்த்தி ரத்தத்தைப்போல ஐந்து மடங்கு வரை இருந்தது. அப்படிப்பட்ட கரைசலைச் சந்திக்கும் சிவப்பணுவிலிருந்து நீர் வெளியேறும். அணு சுருங்கி, முள்விட்டு, விறைக்கும். ரத்தத்தில் கலந்து நீர்த்ததும் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். இன்று பயன்படும் வகைகள் அடர்த்தி குறைந்தவை. அயோடிக்சனால் ரத்தத்துக்குச் சமமான அடர்த்தியே கொண்டது. அரிவாள் செல் சோகை (சிவப்பணு அரிவாள்போல வளைந்து விறைக்கும் பரம்பரை நோய்) உள்ளவர் மட்டும் ஸ்கேன் அறையில் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சரி, நெகிழ்வைக் கூட்டும் மருந்து உண்டா?

அப்படிச் சொல்லி விற்கப்பட்டதில் மிகப் பிரபலமானது பென்டாக்ஸிஃபிலின். நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும், நின்றால் விடும். கால் தமனி அடைப்பால் வரும் அந்த வலிக்கு 1984-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 400 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை. தமனியை விரிக்க முடியாவிட்டால் போகட்டும், அணுவை வளைய வைத்தால் அதே குறுகலான வழியில் ரத்தம் போகுமே என்பது கருத்து. கேட்கவே அழகாக இருக்கும் யோசனை. சிவப்பணுவின் ஏடிபி கூடுகிறது, நுண்துளை வடிகட்டியில் ரத்தம் வேகமாக இறங்குகிறது என்று ஆய்வகச் சான்றுகளும் வந்தன.

சிக்கல் அந்த வடிகட்டியிலேயே இருந்தது. வெள்ளணுக்கள் சிவப்பணுக்களைவிடப் பல மடங்கு விறைப்பானவை. சில வெள்ளணுக்கள் கலந்திருந்தாலே துளைகள் அடைபடும். அந்தக் காலச் சோதனைகள் பலவற்றில் அவற்றை முழுதாக நீக்கவில்லை. பென்டாக்ஸிஃபிலின் வெள்ளணுக்களின் மேலும் வேலை செய்கிற மருந்து. அப்படியானால் வடிகட்டியில் ஓட்டத்தைச் சீராக்கியது சிவப்பணுவின் நெகிழ்வா, வெள்ளணுவின் அடக்கமா?

நோயாளிகளின் நடையை அளந்தபோது விடை இன்னும் கடுமையாக வந்தது. 2000-ல் வெளியான, 698 பேர் பங்கேற்ற 24 வார ஆய்வில், இதே வலிக்கான இன்னொரு மருந்தான சிலோஸ்டசோல் எடுத்தவர்கள் நடக்க முடிந்த தூரம் சராசரியாக 107 மீட்டர் கூடியது. பென்டாக்ஸிஃபிலின் எடுத்தவர்களுக்கு 64 மீட்டர். வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 65 மீட்டர். 2016-ல் வந்த அமெரிக்க இதயச் சங்கங்களின் வழிகாட்டுதல், இந்த வலிக்குப் பென்டாக்ஸிஃபிலின் பயன் தராது என்று நேராகவே சொல்லிவிட்டது. கண்காணிப்புடன் கூடிய நடைப்பயிற்சிக்கும் புகைப்பழக்கத்தை விடுவதற்கும் அதைவிட வலுவான சான்று இருக்கிறது. சிலோஸ்டசோலை இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது.

அப்படியானால் அந்த முயற்சியே வீணா?

இல்லை. அரிவாள் செல் சோகையில் நிலைமை வேறு. அங்கே விறைப்புதான் நோய். ஆக்சிஜனை விட்டதும் மாறுபட்ட ஹீமோகுளோபின் நீள நீளக் கம்பிகளாகக் கோத்துக்கொள்கிறது. அணு அரிவாளாக வளைந்து அப்படியே நிற்கிறது. தந்துகிகள் அடைபட்டு உயிர்போகும் வலி வருகிறது.

ஹைட்ராக்ஸியூரியா சவ்வைத் தொடுவதில்லை. கருவில் இருக்கும்போது நமக்கிருந்த ஹீமோகுளோபினை மீண்டும் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. அது கலந்திருந்தால் கம்பி கோப்பது தடைப்படுகிறது. அணுக்கள் பெரிதாகின்றன, நீர்ச்சத்து கூடுகிறது, நெகிழ்வும் கூடுகிறது. 299 பேரைக் கொண்ட அமெரிக்க ஆய்வு 1995-ல் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்தது. ஆண்டுக்கு 4.5 ஆக இருந்த வலித் தாக்குதல்கள் மருந்து எடுத்தவர்களுக்கு 2.5 ஆக இருந்தன. 1998-ல் பெரியவர்களுக்கு அனுமதி கிடைத்தது.

இந்தியாவில் இந்த நோயின் மரபணு முதன்முதலில் 1952-ல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான் கண்டறியப்பட்டது. லேமனும் கட்புஷும் எழுதிய அறிக்கை அது. 2047-க்குள் நோயை ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் 2023 ஜூலையில் தொடங்கியது. ஹைட்ராக்ஸியூரியா எடுப்பவர்கள் ரத்த அணுக்களின் எண்ணிக்கையை அடிக்கடி பார்க்க வேண்டும், வெள்ளணுக்கள் குறையலாம். கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும்.

அணு நெகிழ்ந்தால் நோயாளிக்குக் கட்டாயம் நன்மைதானே?

அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். செனிகாபாக் என்ற மருந்தின் கதையைக் கேளுங்கள். சிவப்பணுவிலிருந்து பொட்டாசியமும் நீரும் வெளியேறும் ஒரு வாயிலை அது அடைத்தது. எதிர்பார்த்தபடியே அணுக்கள் வறண்டுபோவது குறைந்தது, ரத்தச் சிதைவு குறைந்தது, ஹீமோகுளோபின் ஏறியது. வலித் தாக்குதல் மட்டும் குறையவே இல்லை. மூன்றாம் கட்ட ஆய்வு பாதியில் நின்றது. பிறகு வந்த வாக்ஸலோடர் ஹீமோகுளோபினோடு ஒட்டி, கம்பி கோப்பதைத் தடுத்தது. 2019-ல் அனுமதியும் வாங்கியது. 2024 செப்டம்பரில் ஃபைசர் நிறுவனம் அதை உலகம் முழுவதிலும் திரும்பப் பெற்றது. மருந்து எடுத்தவர்களிடம் வலித் தாக்குதல்களும் மரணங்களும் கூடுதலாக இருக்கலாம் என்று தரவுகள் காட்டியதுதான் காரணம்.

அணுவின் அளவீடு ஒன்று சரியானதை வைத்து, ஆளுக்கும் சரியாகிவிடும் என்று முடிவு கட்ட முடியாது. "நெகிழ்வைக் கூட்டும்" என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் கேட்பது ஒன்றைத்தான்: கூட்டட்டும், யாருக்கு என்ன குறைந்தது?

விறைக்க வைப்பதே சிகிச்சையாகுமா?

மலேரியாவில் ஆகும். ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி புகுந்த அணு வளர வளர விறைக்கிறது. மண்ணீரலில் மாட்டாமல் இருக்கத்தான் அது நடு வயதில் ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு ஒளிகிறது. சிபர்காமின் என்ற, இன்னும் ஆய்வில் இருக்கும் மருந்து ஒட்டுண்ணியின் சோடியம் வெளியேற்றும் பம்பை முடக்குகிறது. இளம் ஒட்டுண்ணி உள்ள அணுவே விறைத்துவிடுவதால், ஒளிவதற்கு முன்பே மண்ணீரல் பிடித்துவிடுகிறது.

கடும் மலேரியாவுக்குத் தரும் ஆர்ட்டிசுனேட் வேறு வழியில் போகிறது. செத்த ஒட்டுண்ணியை மட்டும் மண்ணீரல் அணுவிலிருந்து பிதுக்கி எடுத்துவிட்டு, அணுவை ரத்தத்துக்குத் திருப்பி அனுப்பும். அப்படித் திரும்பிய அணுக்களுக்கு ஆயுள் குறைவு. கடும் மலேரியாவிலிருந்து மீண்டவருக்கு ஒன்று முதல் நான்கு வாரங்கள் கழித்து திடீரென்று ஹீமோகுளோபின் இறங்குவது இதனால்தான். காய்ச்சல் விட்டதும் பரிசோதனையை நிறுத்திவிடக் கூடாது.

நீரிழிவு, மீன் எண்ணெய், வைட்டமின்கள்?

கட்டுப்பாடில்லாத சர்க்கரையில் சிவப்பணுவின் நெகிழ்வு குறைகிறது. அது பல ஆய்வுகளில் வந்த முடிவு. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதே அதற்கான வழி. மீன் எண்ணெய் நெகிழ்வைக் கூட்டியதாகச் சிறு ஆய்வுகள் உண்டு. அதற்காக மட்டும் காசு செலவழிக்க நான் சொல்லமாட்டேன்.

ரத்த வங்கியில் வைத்திருந்த ரத்தம் விறைத்துவிடாதா?

கொஞ்சம் விறைக்கும். சேர்க்கும் கரைசலைப் பொறுத்து 35 அல்லது 42 நாள் வரை வைத்திருக்கலாம். நாளாக ஆக ஏடிபியும் நெகிழ்வும் குறைகின்றன. புது ரத்தம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் உறவினர்களுக்கு ஒரு செய்தி: 2016-ல் வெளியான இன்ஃபார்ம் என்ற ஆய்வில் 20,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குப் புதியதையும் பழையதையும் கொடுத்துப் பார்த்தார்கள். மரண விகிதத்தில் வித்தியாசம் இல்லை.

என் சிவப்பணு எவ்வளவு நெகிழ்கிறது என்று அளந்து பார்க்க முடியுமா?

ஆராய்ச்சிக் கூடங்களில் முடியும். சுழலும் திரவத்தில் அணுக்களை இழுபட வைத்து, லேசர் ஒளி சிதறும் வடிவத்தை வைத்து அளக்கும் எக்டாசைட்டோமீட்டர் என்ற கருவி 1970-களிலிருந்து இருக்கிறது. நுண்ணிய கண்ணாடிக் குழலால் ஓர் அணுவை உறிஞ்சிப் பார்ப்பதும் உண்டு. சாதாரண ஆய்வகத்தில் இந்தப் பரிசோதனை கிடைக்காது. பெரும்பாலோருக்குத் தேவையும் இல்லை. மருத்துவர் பார்ப்பது விறைப்பின் விளைவுகளை: ஹீமோகுளோபின், இளம் சிவப்பணு எண்ணிக்கை, அணுக்கள் சிதையும்போது ரத்தத்தில் கூடும் பிலிருபினும் எல்டிஹெச் என்ற நொதியும், ரத்தப் பூச்சு.

மருந்து தொடங்கியபின் எதைக் கவனிக்க வேண்டும்?

சிறுநீர் கடும் டீ நிறத்திலோ கோலா நிறத்திலோ போவது, கண் மஞ்சளாவது, படியேறினால் முன்பு இல்லாத மூச்சிரைப்பு, திடீர் வெளிறல், முதுகுவலி. ப்ரைமாக்வினோ டாப்சோனோ தொடங்கிய முதல் வாரத்தில் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள், மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். டாப்சோன் எடுப்பவருக்கு உதடும் நகமும் நீலம் பூத்தால் அது ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்க முடியாத வேறொரு சிக்கலாக இருக்கலாம். அதற்கு வழக்கமாகக் கொடுக்கும் முறிவு மருந்து மெத்திலீன் ப்ளூ. ஜி6பிடி குறைந்தவருக்கு அதுவே ரத்தத்தைச் சிதைக்கும். குடும்பத்தில் யாருக்காவது இந்தக் குறைபாடு இருந்தால், அவசரப் பிரிவில் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.